ஒரு ஜாபிதாவின் கதை

தெருமுனையில் நின்று "முருகா!" என்று கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரே முருகன், வடக்கு வீதியில் கூப்பிட்டால் "ஏன்?" என்று கேட்கிறான், தெற்கு வீதியில் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நேரே போய்விடுகிறான் என்றால் அவனைப் பற்றி என்ன நினைப்போம்? கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கு இந்த இரண்டு வியாதியும் உண்டு. பல விளையாட்டுகளுக்கு ஒரே பெயர். ஒரே விளையாட்டுக்கு, வாங்கிய கடையைப் பொறுத்துப் பல பெயர். இந்தக் குழப்பத்துக்கு மருந்தாக ஒரு ஜாபிதா எழுதினார்கள். அந்த ஜாபிதாவின் சரித்திரத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

நாவல் எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கதியில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். சிநேகிதம் எங்கெல்லாம் அகப்பட்டுக்கொண்டு தவிக்கிறதோ அங்கெல்லாம் நாவலாசிரியனுக்கு வேலை இருக்கிறது. கேரம் ஆடினால் தெருவுக்கே கேட்கும். சீட்டு ஆடினால் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணியே உள்ளே யார் யார் என்று சொல்லிவிடலாம். கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஆடுகிறவன் விஷயம் அப்படி அல்ல. ஓசை இல்லை, செருப்பு இல்லை. அவன் சிநேகிதன் வேறொரு தேசத்தில் அதே நேரத்தில் அதே விளையாட்டைத் தனியாக ஆடிக்கொண்டிருக்கலாம்; இருவருக்கும் தெரியாது. 'என்னோடு ஆடக்கூடியவன் இப்போது எங்கே, என்ன ஆடுகிறான்?' இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காகச் சென்ற முப்பது ஆண்டுகளில் எத்தனையோ கம்பெனிகள் பிறந்து, கொழுத்து, மாண்டு போயிருக்கின்றன.

1996-ஆம் வருஷம் ஜூன் மாதம் டெக்சாஸ் மாகாணத்து இட் சாஃப்ட்வேர் கம்பெனியார் 'குவேக்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள். இன்டர்நெட் வழியாகப் பலர் கூடிச் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. ஆட்டம் எந்தக் கம்ப்யூட்டரில் நடக்கிறதோ அதன் எண் முகவரி தெரிந்தால்தான் உள்ளே போக முடியும். முகவரிகளைத் தேடித் திரட்டிக் காட்டுவதற்காக ரசிகர்கள் சிலர் 'க்யூஸ்பை' என்ற சின்னப் புரோகிராமை எழுதினார்கள். அது வளர்ந்து 'கேம்ஸ்பை' ஆயிற்று. குவேக் மட்டும் தெரிந்திருந்த அந்த ஒற்றனுக்கு மற்ற விளையாட்டுகளின் பாஷையும் ஒவ்வொன்றாகக் கற்பிக்கப்பட்டது. அதே வருஷம் நவம்பரில் இஸ்ரேலில் 'ஐ.சி.க்யூ.' பிறந்தது, சிநேகிதன் கம்ப்யூட்டர் முன் இருக்கிறானா இல்லையா என்று அது சொல்லும். ஆக, ஆட்டம் நடக்கும் இடத்தைச் சொல்ல ஒருவன், ஆள் இருப்பதைச் சொல்ல இன்னொருவன். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஆள் இல்லை.

எந்தக் கடையில் வாங்கியது என்ற கேள்வியே அந்த நாளில் எழவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். கடை என்றால் கதவும் கல்லாவும் உள்ள நிஜக் கடை. அட்டைப் பெட்டி, உள்ளே ஒரு வட்டத்தகடு. நியூயார்க்கில் வாங்கினால் என்ன, லண்டனில் வாங்கினால் என்ன? பெட்டிக்குள் இருப்பது ஒன்றே.

இப்போது ஒரு கதாநாயகன் வருகிறான். ஹாங்காங்கில் 1977-இல் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த டென்னிஸ் ஃபாங் என்ற வாலிபன். ஆட்டக்களத்தில் அவனுக்குப் பெயர் 'த்ரெஷ்'. 1997-இல் குவேக் விளையாட்டுக்கு ஒரு பெரிய போட்டி நடந்தது. இறுதிச் சுற்று அட்லாண்டா நகரில். வென்றவனுக்குப் பரிசு, குவேக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மாக் தாம் ஓட்டிக்கொண்டிருந்த சிவப்பு ஃபெராரி கார்! இருபது வயது த்ரெஷ் அதை வென்று கொண்டுபோனான். நாவலில் இப்படி எழுதினால் விமரிசகர்கள் 'மிகை' என்பார்கள். சரித்திரத்துக்கு அந்தக் கூச்சம் கிடையாது. ஆனால் எனக்கு அந்தக் காரைவிட அதற்குப் பிறகு நடந்ததுதான் சுவையாக இருக்கிறது. அவனும் கூட்டாளிகளும் நடத்திய ஒரு கம்பெனி, 2004 தொடக்கத்தில் 'எக்ஸ்ஃபயர்' என்ற தூதுப் புரோகிராமை வெளியிட்டது. உங்கள் நண்பர்களின் பெயர்கள் ஒரு வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் அவர் இப்போது ஆடும் விளையாட்டின் சின்னம். அதன்மேல் தட்டினால் அவர் இருக்கும் அதே களத்தில் நீங்களும் போய் இறங்கலாம். ஆட்டத்தை விட்டு வெளியே வராமலே ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளலாம். நீங்கள் எந்த விளையாட்டை எத்தனை மணி நேரம் ஆடினீர்கள் என்ற கணக்கும் அதன் ஏட்டில் ஏறிக்கொண்டே இருக்கும்.

விளையாட்டு இன்னதென்று எக்ஸ்ஃபயருக்கு எப்படித் தெரிந்தது? இங்கேதான் நமது ஜாபிதா வருகிறது. உள்ளே ஏதோ மகா மந்திரம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டு போனால், இருந்தது ஒரு சாதாரண எழுத்துக் கோப்பு. ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு எண், நீளப் பெயர், குட்டிப் பெயர், அதைக் கம்ப்யூட்டரில் நிறுவும்போது விண்டோஸின் பதிவேட்டில் எந்த இடத்தில் எழுதி வைக்கிறது என்ற விவரம், ஓடும்போது அந்தப் புரோகிராமுக்கு என்ன பெயர் என்ற விவரம். அவ்வளவுதான். எக்ஸ்ஃபயர், கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பெயர்களைப் பார்க்கும், ஜாபிதாவைப் பார்க்கும், இரண்டும் பொருந்தினால் 'இன்னார் இன்ன விளையாட்டு ஆடுகிறார்' என்று நண்பர்களிடம் போய்ச் சொல்லும். கல்யாண வீட்டு வாசலில் உட்கார்ந்து மொய் எழுதுகிறவர் முகத்தைப் பார்த்ததும் பெயரைத் தானே எழுதிக்கொள்வாரே, அந்த வித்தைதான்.

மொய் எழுதுகிறவருக்கு இரட்டைப் பிள்ளைகள் வந்தால் தடுமாற்றம். இங்கே இரட்டைகள் ஏராளம். வால்வ் கம்பெனியாரின் 'ஹாஃப் லைஃப்' என்ற விளையாட்டின் மேலே ரசிகர்கள் கட்டிய வேறொரு விளையாட்டு 'கவுன்டர் ஸ்டிரைக்'. மூலத்தைவிட அதைத்தான் அதிகம் பேர் ஆடினார்கள். ஆயினும் ஓடும் புரோகிராமின் பெயரைப் பார்த்தால் இரண்டும் 'ஹெச்.எல்.' தான். வித்தியாசம் எங்கே என்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒட்டிவரும் கட்டளை வாலில் இருந்தது. 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. அதன் குடும்பத்தில் பிறந்த கவுன்டர் ஸ்டிரைக் சோர்ஸ், டீம் ஃபோர்ட்ரஸ் 2, கேரிஸ் மாட் எல்லாம் 'ஹெச்.எல். 2' என்ற ஒரே பெயரில் ஓடின. ஆகையால் ஜாபிதாவில் 'கட்டளை வாலில் இன்ன சொல் இருக்க வேண்டும்' என்று ஒரு வரி கூட்டினார்கள். டாஸ் காலத்துப் பழைய விளையாட்டுகளை இன்று ஓட்ட வேண்டுமானால் 'டாஸ்பாக்ஸ்' என்ற ஒரு பல்லக்கில் ஏற்றித்தான் ஓட்ட முடியும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்குப் பல்லக்குத்தான் தெரியும், உள்ளே இருக்கும் ஆசாமி தெரியாது. 'மைன்கிராஃப்ட்' என்ற உலகப் புகழ் பெற்ற விளையாட்டு, தன் பெயரில் ஓடாமல் ஜாவா என்ற பாஷையின் பெயரில் ஓடியது. சம்சாரியின் வீட்டுக் கதவில் சொந்தக்காரர் பெயருக்குப் பதிலாகக் கொத்தனார் பெயர் எழுதியிருப்பது போல.

லினக்ஸ் வைத்திருந்தவர்களுக்கு எக்ஸ்ஃபயர் கம்பெனி ஒன்றும் செய்து தரவில்லை. ரசிகர்கள் தாங்களே 'ஜிஃபயர்' என்ற இணைப்பை எழுதி, வேறொரு தூதுப் புரோகிராமில் ஒட்டவைத்து, ஜாபிதாவைத் தங்கள் பாஷைக்கு மாற்றிக்கொண்டு ஆடினார்கள். சம்பளம் வாங்காத இந்த மாதிரி ஆட்களை இந்தச் சரித்திரத்தில் அடிக்கடி சந்திப்போம். 'என் விளையாட்டு ஜாபிதாவில் இல்லை. அதன் புரோகிராமின் பெயர் இது, பதிவேட்டில் இருக்கும் இடம் இது' என்று எழுதியனுப்பியவர்கள் ஆடுகிறவர்கள்தாம்.

ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது; சொல்லிவிட்டு மேலே போகிறேன். நீங்கள் ஆடும் விளையாட்டைக் கண்டுபிடிப்பதற்காக இந்தத் தூதன், உங்கள் கம்ப்யூட்டரில் ஓடும் எல்லாவற்றின் பெயரையும் பார்க்க வேண்டியிருக்கிறது. கணக்குப் புத்தகத்தையும், காதல் கடிதத்தையும், வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தையும் திறக்கும் புரோகிராம்கள் அவன் கண்ணில் படாமல் போகா. 'ஜாபிதாவில் இல்லாததை நான் கவனிப்பதில்லை' என்பான். பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டு 'நான் உங்கள் கேரம் பலகையைத்தான் பார்க்கிறேன்' என்கிறவனை நம்புகிற அளவுக்கு நம்பலாம்.

யாகூ கம்பெனி, விளையாட்டையும் தூதையும் இணைக்கும் யோசனைக்குத் தன்னிடம் உரிமைப் பட்டயம் இருக்கிறது என்று 2005-இல் எக்ஸ்ஃபயர் மேல் வழக்குப் போட்டது. அடுத்த வருஷம் சமாதானமாயிற்று. அதே 2006-இல் வயாகாம் என்ற டெலிவிஷன் பெருநிறுவனம் எக்ஸ்ஃபயரை 10 கோடியே 20 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஒரு ஜாபிதாவுக்கும் அதில் பெயர் கொடுத்திருந்த ஜனங்களுக்குமாகக் கொடுத்த விலை!

ஆனால் அதற்குள் காற்று திசை மாறிவிட்டது. 2003 செப்டம்பரில் வால்வ் கம்பெனி 'ஸ்டீம்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியிருந்தது. ஆரம்பத்தில் தன் விளையாட்டுகளுக்குத் திருத்தங்கள் அனுப்புவதற்கான தபால்காரன்தான் அது. 2004 நவம்பரில் ஹாஃப் லைஃப் 2 வந்தபோது, பெட்டியில் வாங்கியவர்கள்கூட ஸ்டீமில் பெயர் பதிந்தால்தான் ஆடலாம் என்று ஆயிற்று. ஜனங்கள் திட்டினார்கள், திட்டிக்கொண்டே பதிந்தார்கள். 2005-இலிருந்து மற்றவர்கள் செய்த விளையாட்டுகளும் அங்கே விற்பனைக்கு வந்தன. 2007-இல் நண்பர் வரிசையும் சமூகப் பக்கங்களும் வந்தன. 2008-இல் விளையாட்டு செய்கிறவர்களுக்கு 'ஸ்டீம்வொர்க்ஸ்' என்ற கருவிப் பெட்டியை இலவசமாகக் கொடுத்தார்கள். இலவசம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அந்தக் கருவியைச் சேர்த்துக் கட்டிய விளையாட்டு, உள்ளேயிருந்து தானாகவே ஸ்டீமிடம் பேசும்: 'நான் இன்னார், என்னை இன்னார் ஆடுகிறார், இந்தக் கட்டத்தில் இருக்கிறார், இன்ன விருதை இப்போது வென்றார்.' எட்டிப் பார்க்கும் வேலையே வேண்டாம். கடைக்காரனே கணக்குப்பிள்ளை, கணக்குப்பிள்ளையே தூதன்.

அதே விளையாட்டை வேறு கடையில் விற்க வேண்டுமானால்? அந்தக் கருவியைக் கழற்றிவிட்டு அந்தக் கடையின் கருவியை மாட்ட வேண்டும். நிறுவும் இடம் மாறும். பதிவேட்டில் எழுதும் இடம் மாறும். சில சமயம் புரோகிராமின் பெயரே மாறும். பூட்டுப் போட்டு விற்கும் கடையாக இருந்தால் கோப்பின் உருவமும் மாறிவிடும். கதை ஒன்று, படம் ஒன்று, பாட்டு ஒன்று; வெளியில் நின்று ஜாபிதாவோடு ஒப்பிடும் தூதனுக்கு மட்டும் அது வேற்று ஆள்.

என் தமக்கையின் பேரன் கோயம்புத்தூரில் கல்லூரியில் படிக்கிறான். கோடை விடுமுறைக்கு வந்திருந்தபோது, சிநேகிதனோடு சேர்ந்து ஆடுவதற்காக ஒரு விளையாட்டை எங்கோ தள்ளுபடியில் வாங்கினான். ராத்திரி பத்து மணிக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு கூடத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்னடா, தோற்றுவிட்டாயா?"

"ஆடவே இல்லை தாத்தா. அவன் ஆடிக்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் ஆடுகிறேன் என்று அவனுக்குத் தெரியவில்லை. வேறு வேறு கடை."

"கடை வேறாக இருந்தால் என்ன? விளையாட்டு ஒன்றுதானே?"

"ஒன்றேதான்."

"அப்புறம்?"

"அதைத்தான் நானும் கேட்கிறேன்!" என்றான். பிறகு இருவரும் டெலிபோனில் பேசி, நேரம் குறித்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு விளையாட்டைத் தனித்தனியே ஆடிவிட்டுப் படுத்தார்கள். நான் இந்த ஆராய்ச்சியில் இறங்கியதற்கு அவன்தான் காரணம்.

அந்தப் பையனின் துன்பம் அவனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. கடைகள் பெருகப் பெருக இது ஊரறிந்த துன்பம் ஆகிவிட்டது. 2008-இல் போலந்து தேசத்தில் 'ஜி.ஓ.ஜி.' என்ற கடை, பழைய விளையாட்டுகளைப் பூட்டில்லாமல் விற்பதாகச் சொல்லித் திறந்தது. 2011-இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் கம்பெனி 'ஆரிஜின்' திறந்தது. யூபிசாஃப்ட் தனக்கு ஒன்று வைத்துக்கொண்டது. மைக்ரோசாஃப்ட் விண்டோஸுக்குள்ளேயே ஒன்று வைத்தது. 2018 டிசம்பரில் எபிக் கம்பெனி கடை திறந்து, விளையாட்டுகளை இலவசமாகவே கொடுக்க ஆரம்பித்தது. அதனால் ஒரே விளையாட்டை இரண்டு கடையில் வைத்திருப்பவர்கள் ஏராளமானார்கள். ஸ்டீமில் ஒரு தர்ம வழி உண்டு: வேறு கடையில் வாங்கியதையும் உங்கள் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தால் நண்பர்களுக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்றால், 'ஸ்டீம் அல்லாத விளையாட்டு' என்ற அடைமொழியோடு தெரியும். விருந்துக்கு வந்தவனுக்கு இலை போட்டுவிட்டு, 'இவர் அழைப்பில்லாமல் வந்தவர்' என்று பக்கத்தில் எழுதி வைப்பது போல.

தெரியாமல் போவது ஒரு துன்பம். சேர விடாமல் செய்வது அதைவிடப் பெரிது. 2016 நவம்பரில் 'கால் ஆஃப் டியூட்டி' வரிசையில் 'இன்ஃபினிட் வார்ஃபேர்' வெளிவந்தது. ஸ்டீமிலும் விற்றார்கள், விண்டோஸ் கடையிலும் விற்றார்கள். ஒரே தேதி, ஒரே விதமான கம்ப்யூட்டர், ஒரே ஆட்டம். ஆனால் விண்டோஸ் கடையில் வாங்கியவர்கள் ஸ்டீமில் வாங்கியவர்களோடு ஆட முடியாது என்று விட்டார்கள். ஸ்டீம் பக்கம் திருவிழாக் கூட்டம். இந்தப் பக்கம் ஆட்டத்துக்கு ஆள் கிடைக்காமல் சிலர் காத்துக் கிடந்தார்கள். பணம் கொடுத்து வாங்கிய மைதானம், எதிரே ஆள் இல்லை.

இதையெல்லாம் நடுநிலையாக நின்று தீர்த்துவைக்கக்கூடிய ஒருவர் உண்டு. கம்ப்யூட்டரின் வீட்டுக்காரரான மைக்ரோசாஃப்ட். அவர்களும் முயலாமல் இல்லை. 2007-இல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் 'கேம்ஸ் எக்ஸ்ப்ளோரர்' என்று ஒரு அறை கட்டினார்கள். ஒவ்வொரு விளையாட்டும் தன் பெயர், குலம், கோத்திரம் எல்லாம் எழுதிய ஒரு சீட்டைத் தன்னோடு கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் எந்தக் கடையில் வாங்கியதானாலும் அந்த அறையில் இடம். என் அபிப்பிராயத்தில் இந்தச் சரித்திரத்திலேயே மிக ஒழுங்கான யோசனை இதுதான். ஆனால் சீட்டு எழுதுவதில் யாருக்கும் லாபமில்லை. எழுதாதவர்களுக்கு நஷ்டமும் இல்லை. 2018-இல் விண்டோஸ் 10-இன் ஒரு திருத்தத்தோடு அந்த அறையை இடித்துவிட்டார்கள். இடித்ததைப் பலர் கவனிக்கக்கூட இல்லை.

கடைகளுக்கு வெளியே நின்ற தூதர்களின் கதி என்ன ஆயிற்று? கேம்ஸ்பை பல கை மாறி, கடைசியாக குளூ என்ற கம்பெனியிடம் வந்து சேர்ந்தது; 2014 மே 31-ஆம் தேதி அதன் சேவை நின்றது. அதை நம்பியிருந்த பழைய விளையாட்டுகள் பல ஊமையாயின. 'போர்டர்லேண்ட்ஸ்', 'ஆர்மா 2' போன்றவை ஸ்டீமின் ஏற்பாட்டுக்கு மாறித் தப்பின. அதாவது எல்லாருக்கும் பொதுவான சத்திரம் இடிந்ததும் ஒரு கடைக்காரர் வீட்டுத் திண்ணையில் ஒதுங்கின. எக்ஸ்ஃபயரை வயாகாம் 2010-இல் விற்றுவிட்டது. வாங்கியவர்கள் 2015 ஜூன் மாதம், சில நாள் அவகாசம் கொடுத்து மூடினார்கள். படங்களை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள்.

படங்களை எடுத்துக்கொண்டு போகலாம். நண்பர் வரிசையை என்ன செய்வது? அங்கே யாரும் சொந்தப் பெயரில் இல்லை. 'கறுப்பு ஓநாய்', 'ராத்திரி ராஜா' என்று அவரவர் வைத்துக்கொண்ட பெயர். ஏழெட்டு வருஷம் ராத்திரிதோறும் கூட நின்று சண்டை போட்ட தோழனுக்கு ஊர் எது, வீடு எது, அப்பா பெயர் என்ன என்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அந்த வரிசை அணைந்த ராத்திரி, அவனைத் தேடும் வழியும் அணைந்துபோயிற்று. எத்தனை ஆயிரம் சிநேகிதங்கள் அன்று முகவரி இழந்தன என்று கணக்கெடுக்க முடியாது. அவர்கள் ஆடிய மணிக்கணக்குகளும் அதோடு போயின. 'வெட்டியாகக் கழித்த பொழுதுக்குக் கணக்கு என்ன?' என்று கேட்பவர்கள், தங்கள் கல்லூரி நாளில் மைதானத்தில் கழித்த மாலைகளை ஒருவர் வந்து அழித்துவிட்டுப் போனால் சும்மா இருப்பார்களா என்று யோசித்துப் பார்க்கட்டும்.

நமது கதாநாயகன் ஃபாங் 2007-இலேயே 'ராப்டர்' என்ற இன்னொரு கம்பெனியைத் தொடங்கியிருந்தார். எக்ஸ்பாக்ஸ், பிளேஸ்டேஷன், ஸ்டீம் என்று எங்கே ஆடினாலும் ஒரே ஏட்டில் சேர்த்துக் காட்டும் ஏற்பாடு. இங்கே முறை கொஞ்சம் வேறு. டெலிவிஷனில் மாட்டி ஆடும் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க முடியாது ஆகையால், அந்தந்தக் கம்பெனி வெளியில் காட்டும் பக்கத்தைப் படித்துக் கணக்கு எழுதினார்கள். கதவைத் திறந்து வைத்திருக்கும் வரைதான் இந்த முறை செல்லும். 2017 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு ராப்டரும் மூடியது. ஒரே மனிதர் ஒரே கனவை இரண்டு தடவை கண்டு, இரண்டு தடவையும் விழித்துக்கொண்டார்.

புத்தகக்காரனாகிய எனக்கு ஒரு கேள்வி எழுகிறது. புத்தகங்களுக்கு 1970 முதல் சர்வதேச எண் இருக்கிறது. எந்தக் கடையில் வாங்கினாலும் அந்தப் பதிப்புக்கு அதே எண். விளையாட்டுகளுக்கு அப்படி ஒன்று உண்டா? ஸ்டீமில் கவுன்டர் ஸ்டிரைக்குக்கு எண் 10. ஹாஃப் லைஃபுக்கு 70. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அது ஸ்டீமின் சொந்த எண். பக்கத்துக் கடையில் வேறு எண், அதற்கடுத்த கடையில் வேறு. புத்தக எண்ணிலும் ஒரு குறை இல்லாமல் இல்லை. ஒரே நாவலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கு ஒரு எண், மலிவுப் பதிப்புக்கு வேறொரு எண். இரண்டும் ஒரே நாவல் என்று அந்த எண்கள் சொல்லமாட்டா. நூலக அதிகாரி ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்தால்தான் உண்டு. விளையாட்டுகளுக்கும் அப்படி உட்கார்ந்து எழுதுகிற ஆட்கள் வேண்டும். எழுதுகிறார்கள். விக்கிடேட்டா என்ற பொது ஏட்டில், ஒரு விளையாட்டுக்கு ஸ்டீம் எண் இது, ஜி.ஓ.ஜி. பெயர் இது என்று பொறுமையாகப் பதிந்து வைக்கிறார்கள். ஐ.ஜி.டி.பி. என்ற இன்னொரு ஏடு ஸ்வீடனில் பிறந்தது. 2019-இல் அதை அமேசானுக்குச் சொந்தமான ட்விட்ச் கம்பெனி வாங்கிக்கொண்டது. நல்ல ஜாபிதாவாக இருந்தால் யாராவது வந்து வாங்கிவிடுகிறார்கள்.

அதே 2019-இல் ஜி.ஓ.ஜி. கடைக்காரர்கள் 'கேலக்ஸி 2.0' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். எல்லாக் கடைகளிலும் நீங்கள் வாங்கியதையும், எல்லாக் கடைகளிலும் உள்ள உங்கள் நண்பர்களையும் ஒரே ஜன்னலில் காட்டுவது நோக்கம். கடைக்காரரே பிற கடைகளை ஒன்று சேர்க்க முன்வந்தது புதுமைதான். முன்பே 2016-இல், ஸ்டீமில் வாங்கிய சில விளையாட்டுகளுக்குத் தங்கள் கடையிலும் ஒரு பிரதி கொடுத்துப் பார்த்தவர்கள் அவர்கள். அந்தத் தாராளம் சில வருஷம் நடந்து நின்றுபோயிற்று. கேலக்ஸி விஷயத்தில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு இணைப்பு எழுத வேண்டும். அதை எழுதும் முறையைப் பகிரங்கமாக வெளியிட்டு, 'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்றார்கள். ஸ்டீமுக்கு, ஆரிஜினுக்கு, பிளேஸ்டேஷனுக்கு எல்லாம் ரசிகர்கள் எழுதினார்கள். அந்தக் கடைகள் நுழைவாயிலில் ஒரு தாழ்ப்பாளை மாற்றினால் போதும், இணைப்பு அறுந்துவிடும். எழுதிய ரசிகர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தால் அறுந்தபடியே கிடக்கும். 'பிளேநைட்' என்ற மற்றொரு புரோகிராம், எந்தக் கடையையும் சாராமல், இலவசமாக, நிரலையும் எல்லாரும் படிக்கத் திறந்து வைத்து, இதே வேலையைச் செய்கிறது. கேலக்ஸிக்கும் அதற்கும் எதை நம்புவாய் என்று கேட்டால், வாங்கமுடியாததை நம்புவேன் என்பேன்.

இன்று இளைஞர்கள் அதிகம் குடியிருக்கும் 'டிஸ்கார்ட்' 2015 மே மாதம் பிறந்தது. எக்ஸ்ஃபயர் மூடியதற்கு முந்திய மாதம். பேச்சுக்காக வந்த புரோகிராம்தான். ஆனாலும் நண்பன் பெயருக்குக் கீழே 'இன்ன விளையாட்டு ஆடுகிறான்' என்று காட்டுகிறது. எப்படிக் கண்டுபிடிக்கிறது? ஓடும் புரோகிராமின் பெயரைப் பார்த்து, ஒரு ஜாபிதாவோடு ஒப்பிட்டு! தெரியாத விளையாட்டை நாமே சுட்டிக்காட்டிப் பெயர் சூட்டலாம். அதனால் பையன்கள் கணக்குப் போடும் புரோகிராமைக் காட்டி 'வாழ்க்கை' என்று பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள். 2017-இல் விளையாட்டுகள் உள்ளேயிருந்து தாமே பேசும் வழியையும் டிஸ்கார்ட் திறந்துவிட்டது. 2018-இல் அந்தத் தூதனும் ஒரு கடை வைத்துப் பார்த்தான். அடுத்த வருஷமே மூட்டை கட்டிவிட்டான். தூது போகிறவன் கல்லாவில் உட்காராமல் இருப்பதே எனக்குச் சந்தோஷம். 2022-இல் எபிக் கம்பெனி, ஸ்டீமில் வாங்கியவனும் தன் கடையில் வாங்கியவனும் ஒரே ஆட்டத்தில் சேர்வதற்கான கருவிகளை இலவசமாக வெளியிட்டது. மறுபடியும் இலவசம்!

நமது 'ஹெச்.எல். 2' குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி பாக்கி. டீம் ஃபோர்ட்ரஸ் 2 வெளிவந்தது 2007 அக்டோபரில். தன் பெயரில் இல்லாமல் மூத்தவன் பெயரிலேயே அது பதினாறு வருஷத்துக்கு மேல் ஓடியது. 2024 ஏப்ரலில் வால்வ் கம்பெனியார் அதை 64-பிட் முறைக்கு மாற்றினார்கள். அப்போதுதான் ஓடும் புரோகிராமுக்கு அதன் சொந்தப் பெயரின் முதலெழுத்துகள் கிடைத்தன. பழைய பெயரையும் கட்டளை வாலையும் வைத்து அதை அடையாளம் கண்டுகொண்டிருந்தவர்கள் எல்லாரும் தங்கள் ஜாபிதாவில் இன்னொரு வரி எழுத வேண்டியதாயிற்று.